நாலு ஸ்க்ரூவில் ஒரு கிட்டார்!

கிட்டாரை நானே கட்டிட்டேங்க! கடையில் தொங்கினதை வாங்கவில்லை. பாடி ஒரு இடம், நெக் ஒரு இடம், பிக்கப் ஒரு இடம், சுருதிக் குமிழ்கள் இன்னொரு இடம் என்று உதிரி உதிரியாக வரவழைத்து, சாப்பாட்டு மேசையைப் பட்டறையாக்கி, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் அசல் எலக்ட்ரிக் கிட்டார்! அன்றிலிருந்து யார் எதிரில் வந்தாலும் இதே பேச்சுதான். பால்காரருக்கே ஹம்பக்கர் பிக்கப்புக்கும் சிங்கிள் காயில் பிக்கப்புக்கும் உள்ள வித்தியாசம் அத்துப்படி. இப்போது நீங்கள் மாட்டினீர்கள்.

முதலில் ஒரு மனுஷனுக்குக் கும்பிடு போட்டுவிடுகிறேன். லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். இவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது! ஆனால், எந்தச் சாமானும் ஒருநாள் மக்கர் பண்ணும், அன்றைக்குச் சுலபமாகக் கழற்ற வரணும் என்பது ரிப்பேர்காரருக்குத் தெரியாமலா இருக்கும்? தான் செய்த எலக்ட்ரிக் கிட்டாரில் நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் நாலே நாலு ஸ்க்ரூவில் பாடியோடு முடுக்கிவிட்டார். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படித்தான். உதிரி வாங்கிக் கட்டுவதை ஒட்டுப்போட்ட வேலை என்று உதடு பிதுக்குகிறவர்களே, இந்தக் கிட்டார் பிறந்ததே உதிரியாகத்தான் ஐயா!

கிட்டார் உலகத்தின் பெரிய தலைகளைக் கேட்டுப் பாருங்கள். எரிக் கிளாப்டன் 1970-ல் நாஷ்வில்லில் பழைய ஸ்ட்ராட்டுகளை மொத்தமாக வாங்கி, மூன்றைப் பிரித்து ஒன்றாக்கினார். அதுதான் 'பிளாக்கி'. 2004 ஏலத்தில் 9,59,500 டாலர்! எடி வான் ஹேலன் 50 டாலர் பாடியில் 80 டாலர் நெக்கை மாட்டி, பிக்கப் கிறீச்சிடாமல் இருக்க அதை உருக்கின மெழுகில் முக்கி எடுத்தார். 1978-ல் அவருடைய இசைக்குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது உலகமே வாய் பிளந்தது. பிரையன் மே பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே, 1963-ல், அப்பாவோடு உட்கார்ந்து பழைய கணப்படுப்பு மரச்சட்டத்தில் நெக் செதுக்கினார். சுருதியை ஆட்டும் ட்ரெமோலோவுக்கு மோட்டார் சைக்கிள் ஸ்ப்ரிங், அதன் கைப்பிடி நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி! 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டை மாடியில் நின்று வாசித்ததும் அதே கிட்டாரில்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நெக் வந்த பெட்டியைப் பிரித்தேன். மேப்பிள் மரம், அதன் மேல் விரல் ஓடும் பலகை ரோஸ்வுட். ரோஸ்வுட் என்றால் என்னவென்று நினைத்தீர்கள்? நம்ம ஈட்டி மரம்! நீலகிரிக் காட்டில் நிற்குமே, அதேதான். உலகம் பூராவும் எத்தனையோ ராக் கிட்டார்களின் நெக்கில் இந்திய ஈட்டிப் பலகை ஒட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, என்னவோ நானே நட்டு வளர்த்த மாதிரி! ஆல்டர் மர பாடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விரல் வழுக்கும் வரை தேய்த்து, நெக்கை அதன் குழியில் வைத்து அழுத்தினேன். 'க்ரிச்' என்று இறங்கியது பாருங்கள்! ஸ்க்ரூவே போடவில்லை, நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடியும் கூடவே எழுந்து வருகிறது. எழுந்து நின்று கைதட்டினேன். "என்னங்க ஆச்சு?" என்று வீட்டுக்காரி ஓடிவந்தாள். காட்டினேன். பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வயரிங் சாமானுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். வால்யூமையும் டோனையும் திருக 250 கிலோ ஓம் பாட் மூன்று, ஒரு கெப்பாசிட்டர், ஈயம். "ஆம்ப்ளிஃபயரா சார்?" என்றார் கடைக்காரர். "இல்லண்ணே, கிட்டார்!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் சால்டரிங். பாட்டின் முதுகில் ஈயம் மினுங்கிக்கொண்டு உருகிப் பரவும் அழகையும், மூக்கில் ஏறும் அந்த ரோசின் புகையையும் நாள் பூரா அனுபவிக்கலாம். பிக்கப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றித் தலைமுடி கனத்துக்குத் தாமிரக் கம்பி, சுமார் 8,000 சுற்று! மேலே கிட்டார் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், காயிலில் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். அவ்வளவுதான் மந்திரம்!

இப்போ கற்பனை பண்ணிப் பாருங்க. இன்னும் கம்பி ஏற்றவில்லை. கேபிளைச் செருகுகிறேன், ஆம்பைப் போடுகிறேன், 'ம்ம்ம்' என்று லேசான இரைச்சல், திருப்புளி நுனியால் பிக்கப்பின் காந்தத்தைத் தட்டுகிறேன், 'டக்!' ஆம்ப் பேசுகிறது! ஸ்விட்சைத் தள்ளி அடுத்த பிக்கப், 'டக்!', மூன்றாவது, 'டக்!', ஐயோ, மூன்றும் உயிரோடு இருக்கின்றன, கை நடுங்க நடுங்க ஆறு கம்பியையும் ஏற்றி, கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குகிறது, எர்த் சரியாக இருக்கிறது, சுருதி கூட்டி, பன்னிரண்டாம் ஃபிரெட்டில், அதாவது கம்பியின் 648 மில்லிமீட்டர் நீளத்தில் சரிபாதியில், ஹார்மோனிக்கையும் அழுத்தின ஸ்வரத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டு, அழுத்தின ஸ்வரம் ஏறியிருந்த கம்பிக்கு, அது உட்காரும் சாடிலைப் பின்னுக்கு நகர்த்தி, ஸ்விட்சை நடு பிக்கப்புக்கும் நெக் பிக்கப்புக்கும் இடையில் நிறுத்தி, ஒரே ஒரு ஈ மேஜர் கார்டு... ஜ்ஜ்ஜாங்! ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, என் நெஞ்சு எலும்பு அதிர்கிறது, வயிற்றில் அணைத்திருக்கும் மரம் உயிருள்ள ஜீவன் மாதிரி நடுங்குகிறது, நான் சிரிக்கிறேனா அழுகிறேனா தெரியவில்லை, அந்த ஒரே கார்டை மறுபடி மறுபடி மறுபடி அடிக்கிறேன், மேல்வீட்டுத் தாத்தா "தம்பி, வேற பாட்டு தெரியாதா?" என்று மாடியிலிருந்து குரல் கொடுக்கிறார், தெரியாது தாத்தா, இன்றைக்கு எனக்கு இது ஒன்றுதான் தெரியும்!

செலவா? கூட்டிப் பார்த்தால் ரெடிமேடுக்கு மேலேயே வரும், விற்கப்போனால் பாதி விலைகூடத் தேறாது. யார் விற்கப் போகிறார்கள்!

ஆசை வந்துவிட்டதா? ஸ்கேல், அதாவது அந்தக் கம்பி நீளம், 25.5 அங்குலமா, நெக்கின் அடிப்பகுதி பாடியின் குழிக்குப் பொருந்துமா என்று இரண்டையும் அளந்து பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். இந்த மாதம் பாடி, அடுத்த மாதம் நெக் என்று நிதானமாகச் சேர்த்து வாருங்கள். சால்டரிங் பயமாக இருந்தால் சாமானைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிடுங்கள், மேசை இன்னும் காலியாகவில்லை.