நான்காம் பொருளும் நம்பிக்கையும்

பொன்விழா மலருக்கு எழுதும்படி சங்கத்துப் பெரியவர்கள் பணித்தார்கள், தட்ட முடியவில்லை. வேதத்துக்கு மறைபொருள் உரைத்த ஓரிகன், காசியான், பெர்னார்டு ஆகிய முற்காலக் கிறிஸ்தவ ஆசிரியர்களை நம் அங்கத்தினர் அறிவார்கள். அந்த வாசிப்பு மரபுகள் சென்ற தடத்தை மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

வேத எழுத்துக்குள் மறைபொருள் தேடியது ஓரிகனின் அலெக்சாந்திரிய வழி. காசியான் எருசலேமை எழுத்துப்படி யூதரின் நகரம், பிறகு திருச்சபை, மனித ஆத்துமா, பரம நகரம் என நான்கு பொருளாக விரித்தார். இரண்டாம் பொருள் விசுவாசத்துக்கு, மூன்றாவது அன்புக்கு, நான்காவது நம்பிக்கைக்கு என்று வகுத்தார்கள் பின்வந்தோர். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற துறவி, வாசிப்பு, தியானம், ஜெபம், தரிசனம் என ஏணி அமைத்தார். நம் மண்ணில் யோவானின் எழுத்துகளைப் பக்தி மார்க்கமாக வாசித்து, 1927-இல் நூல் தந்தார் இறையியலாளர் அப்பாசாமி. 1950-இல் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமம் எழுந்தது.

இந்த வாசிப்பை அடியேன் கற்றது எங்கள் ஆசிரியர் ஐயாவிடம். மனைவியை இழந்த வருஷம் அவர் முன் போய் உட்கார்ந்தேன். ஆறுதலுக்கு, “தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்னும் எரேமியா 29:11-ஐ நானே மனப்பாடமாகச் சொன்னேன். “முதல் வசனத்திலிருந்து வாசிங்க தம்பி” என்றார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு வந்த கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது 5-ஆம் வசனம். 70 வருஷம் ஆகும் என்கிறது 10-ஆம் வசனம். 5-ஆம் வசனத்திலேயே என்னை மூன்று வாரம் நிறுத்தினார். பிறகு, “உங்க பாபிலோன் எது?” என்று கேட்டார். விளக்கு ஏற்றாத என் வீடுதான் அது. அன்று மாலை, அவள் பார்த்துவந்த கொல்லையில் ஒரு முருங்கைப் போத்து நட்டேன். சிறையிருப்பு முடியவில்லை; அதற்குள்ளேயே ஆண்டவர் இருந்தார். நான்காம் பொருள் எனக்குத் திறந்தது அங்கேதான்.

இன்று சிலர் (யாரையும் குறிப்பிடவில்லை, அவர்கள் பக்தியில் சந்தேகமும் இல்லை) 11-ஆம் வசனத்தை மட்டும் கத்தரித்து வாக்குத்தத்த அட்டையாகக் கொடுக்கிறார்கள். காலண்டரில் அது, கைபேசியில் அது, புதுவருஷ ஆராதனையில் அது. 70 வருஷம் எங்கே போயிற்று? அதிகாரம் முழுவதும் வாசிக்க ஆளில்லை. கூட்டங்களில் வேதப்புத்தகத்தின் தாள் புரளும் ஓசை கேட்பதில்லை. ஐந்து நிமிஷ மௌனத்தைத் தாங்காமல் யாராவது பாட்டெடுத்துவிடுகிறார்கள். எழுத்துப் பொருளை மிதித்து ஏறாதவனுக்கு மறைபொருள் எப்படிக் கிட்டும்? இப்படியே போனால், நம் பேரப்பிள்ளைகளுக்கு வேதாகமம் என்பது ஓர் அட்டைப் பெட்டியாகவே மிஞ்சும். சபைகள் நிரம்பியிருக்கும், துக்கம் வந்தவனுக்கு மட்டும் உட்கார இடமிருக்காது.

பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். இம்மலரின் பின்னட்டையில் வசனம் போடுவதானால் 11-ஆம் வசனம் வேண்டாம். 5-ஆம் வசனத்தைப் போடுங்கள்.