தரையறிந்த பந்து

சர்வ் போடுவதற்கு முன் ஆட்டக்காரர் மூன்று நான்கு பந்துகளைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, ஒன்றிரண்டைப் பின்னால் தட்டிவிட்டு, இரண்டை மட்டும் வைத்துக்கொள்வார். தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு அது நேரம் கடத்துவதாகத் தோன்றும். உண்மையில் அங்கே ஒரு கூர்மையான தேர்வு நடக்கிறது. இழை படிந்து வழவழப்பாக இருக்கும் பந்து முதல் சர்வுக்கு. அது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். இழை எழும்பி உப்பிய பந்து கால்சட்டைப் பைக்கு, இரண்டாவது சர்வுக்கு. மட்டையின் நரம்பு அதை நன்றாகப் பிடித்துச் சுழற்றும். ஒரே டப்பாவிலிருந்து வந்த பந்துகள்தாம். சில கேம்களுக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்துக்குப் போய்விட்டன.

டப்பாவிலிருந்து எடுக்கும்போது எல்லாப் பந்தும் நல்ல பந்துதான். அரை மணி நேரம் அடி வாங்கிய பிறகு என்னவாக மாறுகிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். அந்த மாற்றத்தில் மட்டையைவிடத் தரைக்குப் பங்கு அதிகம். 'எந்த பிராண்ட் நல்லது?' என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தரையில் ஆடப்போகிறீர்கள்?

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதி மிகவும் இறுக்கமானது. வழக்கமான பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம், விட்டம் 6.54 முதல் 6.86 சென்டிமீட்டர், 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கடினமான தளத்தில் போட்டால் 135-க்குக் குறையாமல், 147-ஐத் தாண்டாமல் எழும்ப வேண்டும். இந்த வரம்புக்குள் செய்கிறவர்கள் கைவரிசை காட்ட மிச்சமிருக்கும் இடம் மேலே போர்த்திய ஃபெல்ட்தான்.

அந்த ஃபெல்ட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உள்ளே, இரண்டு அரைக்கோளங்களாக வார்த்து ஒட்டிய ரப்பர். அதற்குள் வெளிக்காற்றைப்போல ஏறக்குறைய இருமடங்கு அழுத்தத்தில் காற்று. மேலே, இடுப்பு ஒடுங்கிய இரண்டு துணித் துண்டுகள் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. சுற்றிலும் வளைந்தோடும் வெள்ளைக் கோடு தையலல்ல, ரப்பர்ப் பசை. கடைசியாக நீராவி காட்டி இழைகளை எழுப்பிவிடுவார்கள். நல்ல பந்தின் ஃபெல்ட் நெய்த துணி. அடிப்பக்கம் பருத்தி, மேல்பக்கம் கம்பளியும் நைலானும். மலிவான பந்தில் நெசவு இராது, ஊசியால் குத்திக் கோத்த இழைதான். கட்டைவிரலால் எதிர்ப்போக்கில் வருடிப் பாருங்கள். நெய்தது இழை இழையாக எழுந்து மறுபடி படியும். மற்றது ஒரே பாளமாகக் கிடக்கும்.

1870-களில் புல்தரை டென்னிஸ் பிறந்தபோது பந்து வெறும் ரப்பர்தான். அதன் மேல் ஃபிளானல் துணி போர்த்திப் பார்த்தவர் ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர். இன்றைக்கு நாம் ரசிக்கும் டாப்ஸ்பின், ஸ்லைஸ், கிக் சர்வ் எல்லாவற்றுக்கும் அந்தத் துணி ஒரு ஆதாரம். சுழலும் பந்து காற்றில் வளைவது அதற்கும் முந்தைய கதை. 1672-இல் ஒளியைப் பற்றி எழுதிய கடிதத்திலேயே, சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைக் கண்டதாக நியூட்டன் குறிப்பிட்டிருக்கிறார். ரேலி பிரபு 1877-இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இழை எழும்பிய பந்தைக் காற்று இழுத்துப் பிடிக்கும். தரையும் நரம்பும்கூட அதை நன்றாகக் கவ்வும். இழை உதிர்ந்து மொட்டையான பந்து விரைந்து பறக்கும், சொன்ன பேச்சைக் கேட்காது.

இனி தரைக்கு வருவோம். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் ஆடுவது ஹார்ட் கோர்ட்டில். கான்கிரீட் அல்லது தார்த் தளத்தின் மேல், மணல் கலந்த அக்ரிலிக் பூச்சு. நுங்கம்பாக்கம் ஸ்டேடியமும் இந்த வகைதான். பந்துக்கு அது ஒரு பெரிய உப்புத்தாள். ஒவ்வொரு முறை விழும்போதும் ஃபெல்ட்டில் கொஞ்சம் சுரண்டிக்கொள்ளும். இதற்காகவே அடர்த்தியாகச் செய்த ஃபெல்ட்டுக்கு எக்ஸ்ட்ரா டூட்டி என்று பெயர். இதைவிட மெல்லிய, நெருக்கி நெய்த ஃபெல்ட் ரெகுலர் டூட்டி. மெல்லியதைச் சிமெண்டில் அடித்தால் சீக்கிரமே தேய்ந்து, இலேசாகி, வேகம் கூடிவிடும்.

இது நுணுக்கம் பார்க்கிறவர்களின் வீண் கவலை என்று நினைத்தால், அமெரிக்க ஓபனைப் பாருங்கள். அங்கே நெடுங்காலம் ஆண்களுக்கு எக்ஸ்ட்ரா டூட்டி, பெண்களுக்கு ரெகுலர் டூட்டி என்று இருவகை வில்சன் பந்துகள் இருந்தன. 2022-இல் வீராங்கனை இகா ஸ்வியாடெக் இதை வெளிப்படையாகக் குறை சொன்னார். பந்து மிக இலேசு, பலமாக அடித்தால் கட்டுப்படுவதில்லை என்பது அவர் வாதம். மறு வருடமே பெண்களுக்கும் எக்ஸ்ட்ரா டூட்டி வந்துவிட்டது. குறை சொன்ன 2022-இல், அதே பந்தை வைத்தே அவர் கோப்பையையும் வென்றார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பந்தை நன்றாகப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அதன் குறையும் முதலில் படும்.

களிமண் தரையில் கணக்கு அப்படியே தலைகீழ். ரோலண்ட் கேரோஸில் நாம் பார்க்கும் அந்தச் சிவப்பு, செங்கல்லை இடித்துத் தூளாக்கி மேலே தூவியது. சுண்ணாம்புக்கல் படுகையின் மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். அந்தத் தரை ஃபெல்ட்டைச் சுரண்டுவதைவிட, அதற்குள் புகுந்துகொள்கிறது. ஒரு செட் ஆடிய பந்தைக் கையில் எடுத்தால் மஞ்சள் போய்ச் செங்காவி ஏறியிருக்கும். வெள்ளைக் கோட்டின் இடுக்கில் தூள் அப்பியிருக்கும். விரலில் வண்ணம் ஒட்டும். தடித்த ஃபெல்ட் என்றால் தூளையும் ஈரத்தையும் குடித்து உப்பிக் கனத்துப்போகும், தோள்பட்டை அதை உடனே உணரும். ஆகவே களிமண்ணுக்கு நெருக்கமான நெசவு. தூள் உள்ளே போக வழியில்லாததால் பந்து கடைசிவரை உருண்டையாக, உயிரோடு இருக்கும். எல்லாத் தரைகளிலும் பந்தின் வயது மிகத் தெளிவாகத் தெரிவது களிமண்ணில்தான் என்பேன்.

2020-இல் கொரோனாவால் பிரெஞ்சு ஓபன் இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டுதான் பபோலாவுக்குப் பதிலாக வில்சன் பந்தும் வந்தது. குளிரில் ரப்பர் இறுகும், துள்ளல் குறையும். ஈரமான களிமண் பந்தைக் கனமாக்கும். பந்து மிக மெதுவாக, கனமாக இருக்கிறது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே நடால் சொன்னார். பந்து உயர எழும்பினால்தான் அவருடைய டாப்ஸ்பின் எதிராளியின் தோளுக்கு மேலே ஏறும். அவர் கவலை நியாயமானது. பிறகு அதே பந்தில் தன் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டு, இறுதியில் ஜோகோவிச்சை 6-0, 6-2, 7-5 என்று வென்றார். தரையையும் பந்தையும் சேர்த்துப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு அந்த முதல் செட்டை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

புல்தரை இன்னொரு உலகம். விம்பிள்டனில் 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிய ரை புல். பந்து வழுக்கிக்கொண்டு தாழ எழும்பும். புல் ஃபெல்ட்டைச் சுரண்டாது. ஈரமும் பச்சைக் கறையும்தான் ஏற்றும். 1902 முதல் அங்கே ஸ்லாசஞ்சர் பந்துதான், நீரை விலக்கும் பக்குவம் செய்த ஃபெல்ட்டோடு. அந்தப் பந்துகளைப் போட்டிக்கு முன் 20 டிகிரி செல்சியஸில் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

வண்ணத்திலும் விம்பிள்டன் பிடிவாதக்காரர். மஞ்சள் பந்துக்கு 1972-லேயே கூட்டமைப்பின் விதியில் இடம் வந்துவிட்டது. விம்பிள்டன் 1986-இல்தான் மாறியது. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961-இல் அரையிறுதிவரை போனதும், விஜய் அமிர்தராஜ் 1973, 1981-இல் காலிறுதி ஆடியதும் வெள்ளைப் பந்தில். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் அங்கே காலிறுதிக்கு வந்த வருடம் 1986. மஞ்சள் பந்தின் முதல் வருடம். தமிழ்நாட்டு டென்னிஸின் விம்பிள்டன் வரலாறு அந்த இரண்டு நிறங்களில் இருக்கிறது.

மலையேறினால் இன்னொரு சிக்கல். காற்று மெலிந்த இடத்தில் பந்து நிற்காமல் பறக்கும். அதனால் 1,219 மீட்டருக்கு மேலே ஆடத் தனிப் பந்தே விதியில் உண்டு. துள்ளல் குறைவாகச் செய்தது. உதகையும் கொடைக்கானலும் 2,000 மீட்டரைத் தாண்டியவை. சமவெளிப் பந்தோடு அங்கே போய், எல்லா அடியும் எல்லைக்கோட்டைத் தாண்டினால், கையைக் குறை சொல்ல வேண்டாம்.

அழுத்தமில்லாத பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டியான ரப்பரின் பலத்திலேயே துள்ளுவதால் மாதக்கணக்கில் சாகாது. கூடை நிறையப் பந்து வைத்துப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு அதுதான் சிக்கனம். ஆனால் அடிக்கும்போது மரத்தனமாக இருக்கும், மேட்ச்சுக்கு நான் அதை எடுக்கமாட்டேன். சிறு பிள்ளைகளுக்கு இவை எதுவுமே வேண்டாம். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று படிப்படியாக வேகம் கூடும் பந்துகள் அவர்களுக்கென்றே இருக்கின்றன. ஏழு வயதுக் குழந்தையிடம் மஞ்சள் பந்தைக் கொடுத்து, தலைக்கு மேலே எழும்புவதை அடிக்கச் சொல்வது கொடுமை.

போட்டிகளில் வார்ம்-அப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு முதலில் 7 கேம், பிறகு 9 கேமுக்கு ஒரு முறை பந்தை மாற்றுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஒரு டப்பாவை இரண்டு மூன்று நாள் ஓட்டுகிறோம். அதனாலேயே தேர்வு இன்னும் முக்கியமாகிறது. சிமெண்டில் ஆடுகிறவர்கள் எக்ஸ்ட்ரா டூட்டி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மழை விட்டவுடன் ஈரத் தளத்தில் புதுப் பந்தை இறக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். களிமண் கோர்ட் வாய்த்தவர்கள் ரெகுலர் டூட்டியைக் கேளுங்கள். கடையில் இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டு வாங்க ஆள் இருந்தால்தான் கடைக்காரர் அதை வாங்கி வைப்பார்.