தனுஷ்கோடிச் சாலை

முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அங்கிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை, அம்புபோல் கடலுக்குள் நீள்கிறது. இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஒரு பக்கம் அலையடித்து ஆர்ப்பரிக்கும் நாளில் மறுபக்கம் குளம்போல் கிடக்கும். காற்றின் திசை மாறினால் இரண்டும் குணத்தை மாற்றிக்கொள்ளும்.

1964 டிசம்பர் புயலில் ஊரும் ரயில் பாதையும் அழிந்தன. அதன்பிறகு அரை நூற்றாண்டு மணலில் தத்தளித்துச் செல்லும் வேன்களே கதி. 2017இல்தான் இந்தத் தார்ச்சாலை திறக்கப்பட்டது. வழியில் நிற்கும் தேவாலயத்தின் இடிந்த சுவர்களைப் பார்க்காமல் கடந்துவிடாதீர்கள்.

குளிர்காலத்தில் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். ஆழமில்லாத நீரில் கூட்டமாக நின்று, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாக்கி மேயும். அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகள் நீரை வெளியே விட்டு, சிறு இறால்களையும் பாசியையும் உள்ளே நிறுத்திக்கொள்ளும். அந்த உணவிலுள்ள நிறமிகளே இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகின்றன. குஞ்சுப் பருவத்தில் அவை சாம்பல் நிறம்தான்.

விடிந்ததும் கிளம்புங்கள், வெயில் ஏறினால் ஒதுங்க நிழலில்லை. முனையில் நீரோட்டம் கடுமை, குளிக்க இறங்க வேண்டாம். படத்துக்காகப் பறவைகளை விரட்டாதீர்கள். தொலைநோக்கியோடு கரையில் பொறுமையாக நிற்பவருக்கு அவை தாமாகவே அருகில் வந்து மேயும்.