கழுவாத ஸ்மோக்கரின் பெருமை

அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் கரி ஸ்மோக்கர் வைத்து மணிக்கணக்கில் இறைச்சியைப் புகையில் வேகவிடுபவர்களிடம் ஒரு பெருமை உண்டு. "வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது, ஒருமுறைகூடக் கழுவியதில்லை" என்பார்கள். உள்ளே படிந்திருக்கும் கறுப்பைக் காட்டி, ருசியெல்லாம் இதில்தான் இருக்கிறது என்று ஒரு விளக்கமும் வரும். தோசைக்கல்லில் சோப்புப் பட்டால் வீட்டையே இரண்டாக்கிவிடும் பாட்டியிடம் வளர்ந்தவன் நான். இந்தப் பேச்சை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் பாட்டி தோசைக்கல்லைத்தான் கழுவாமல் வைத்தாள். அடுப்புச் சாம்பலை அள்ளாமல் விட்டதில்லை.

கறுப்புக்கு உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். பூச்சில்லாத இரும்பில் செய்த ஸ்மோக்கரில் கொழுப்பும் புகையும் சேர்ந்து வெந்து மெல்லிய படலமாகின்றன; அது துருவைத் தடுக்கிறது. புது ஸ்மோக்கரின் மூடி இடுக்கிலும் கதவு ஓரத்திலும் காற்று கசியும். நாலைந்து சமையலில் பிசுக்கு ஏறி இடுக்கு அடைபட்டதும் சூடு ஒரே நிலையில் நிற்கத் தொடங்கும். சுரண்டித் தேய்த்துப் புதிதுபோல் ஆக்குபவர் இந்த இரண்டையும் இழக்கிறார்.

வாதம் அதற்குமேல் நகராது. ருசி அன்றைக்கு எரியும் கரியிலிருந்தும் விறகுத் துண்டிலிருந்தும் வருகிறதே தவிர, போன வருஷப் படலத்திலிருந்து அல்ல. மேலும், வெபர் நிறுவனத்தின் ஸ்மோக்கி மவுண்டன் போன்ற பரவலான ஸ்மோக்கர்களுக்கு எனாமல் பூச்சு உண்டு. அந்தப் பூச்சு பெயராத வரைக்கும் துருவுக்குப் பயந்து பிசுக்கைக் காப்பாற்ற வேண்டிய தேவை அங்கே இல்லை. வெற்று இரும்புக்குச் சொன்ன புத்திமதியை எனாமலுக்கும் நீட்டிவிட்டார்கள். மூடியின் உட்புறம் செதில் செதிலாக உரிவதைப் பார்த்துப் பெயின்ட் கொட்டுகிறது என்று பதறுபவர்களும் இருக்கிறார்கள். அது கருகிய கொழுப்பும் கரியும்தான். இறைச்சிமேல் உதிரும் முன் அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்த்தால் வந்துவிடும். கம்பித் தூரிகை மட்டும் வேண்டாம். அதிலிருந்து உதிர்ந்த கம்பி உணவோடு உள்ளே போய்க் காயப்படுத்திய ஆறு பேரைப் பற்றி அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2012-இல் அறிக்கை வெளியிட்டது.

கழுவாதே என்ற சொல்லில் உண்மையிலேயே அடிபடுவது சாம்பல். படலம், கொழுப்பு, சாம்பல் மூன்றும் மூன்று பொருள்கள். மூன்றையும் 'அழுக்கு' என்ற ஒரே மூட்டையில் கட்டியதுதான் இந்தப் பழக்கத்தின் கோளாறு. சாம்பல் நெருப்பின் மூச்சை அடைக்கும். 107 முதல் 121 டிகிரி செல்சியசுக்குள் சூட்டை நிறுத்தி, பிரிஸ்கெட் எனும் மாட்டின் மார்புக்கறியை 12 மணி நேரத்துக்கும் மேல் வைக்க வேண்டும். எட்டாவது, ஒன்பதாவது மணியில் சூடு இறங்கும். உடனே கரியை அள்ளிப் போடுவார்கள். கரி தீர்ந்திருக்காது, கீழே காற்றுத்துளை வாயில் சாம்பல் குவிந்திருக்கும். காற்றில்லாமல் மூட்டமாக எரியும் நெருப்பு கசப்பேறிய கனத்த புகையைத்தான் தரும். பத்து வருஷக் கறுப்பில் ருசி தேடுகிறவருக்கு அந்த ஒருநாள் சாம்பலே ருசியைக் கெடுத்துவிடுகிறது.

எந்தக் கரி என்பதும் இதில் சேர்த்தி. மரத்துண்டாகவே வரும் கரி கொஞ்சம் சாம்பல்தான் விடும். பிரிக்கெட் அப்படியல்ல, பொடித்த கரியை மாவுப்பசையில் பிடித்து அச்சில் அழுத்தியது. 1920-களில் ஹென்றி ஃபோர்டு, கார் செய்து மிஞ்சிய மரக்கழிவை இப்படி அச்சுக் கரியாக்கி விற்றார். கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் இன்றும் கடையில் கிடைப்பது அந்த வழியில் வந்ததுதான். பல பிரிக்கெட்டுகளில் சுண்ணாம்புக்கல்லும் கலப்பார்கள். தணல் நன்றாகப் பிடித்துவிட்டது என்று கண்ணுக்குக் காட்டும் வெளுப்பு அதனால் வருவது. சாம்பலும் அதனாலேயே கூடுகிறது. ஒரே சீராக நெடுநேரம் எரிவதால் இரவு முழுக்க வைக்கும் சமையலுக்குப் பிரிக்கெட்டை விட மனம் வராது. எனக்கும் வராது.

வடிவமைப்பின் குற்றத்தையும் சொல்ல வேண்டும். சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவையை வெட்டி 1952-இல் செய்த கெட்டில் அடுப்பின் வழிவந்தவற்றில், பிடியை அசைத்தால் உள்ளிருக்கும் தகடுகள் சாம்பலைக் கீழே தள்ளிவிடும். அதே நிறுவனத்தின் ஸ்மோக்கி மவுண்டனில் நெடுங்காலமாக அந்த வசதி இல்லை. சாம்பல் அடிக்கிண்ணத்திலேயே தங்கும். அள்ள வேண்டுமானால் நடு உருளையைத் தூக்கி இறக்க வேண்டும். நடுச்சமையலில் யார் தூக்குவது? ஸ்மோக்கரின் காலை மெல்லத் தட்டுவதோ, கம்பியை விட்டுத் துளை வாயைக் கிளறுவதோதான் வழி. வேகமாகக் கிளறினால் சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும்.

சமையல் முடிந்ததும் எல்லாத் துளைகளையும் மூடி நெருப்பை அணைப்பது நல்ல பழக்கம். மிஞ்சிய கரி அடுத்த வாரத்துக்கு ஆகும். கெட்டது என்னவென்றால், மூடியதோடு மறந்தும்விடுகிறார்கள். சாம்பலில் உள்ள பொட்டாசிய உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. மாதக்கணக்கில் ஈரச் சாம்பல் கிடந்தால் பூச்சு பெயர்ந்த இடத்திலெல்லாம் துரு பிடிக்கும். சாம்பலின் காரம் அலுமினியப் பாகங்களை அரிக்கும். உடனே அள்ளிக் குப்பைத் தொட்டியில் கொட்டுகிறவர் இன்னும் பெரிய வினையை வாங்குகிறார். நீறு பூத்த நெருப்பு என்று நாம் உவமையாகச் சொல்வது அங்கே அப்படியே நடக்கும்: மேலே குளிர்ந்த சாம்பல், அடியில் இரண்டு மூன்று நாள்கூட அணையாத கங்கு. மூடியுள்ள உலோக வாளியில் கொட்டி, வீட்டிலிருந்து பத்தடி தள்ளி வைக்கச் சொல்வது இதனால்தான். வாளியைக் கார் கொட்டகைக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு வேறு.

நெருப்பை முழுக்கத் திறந்துவிட்டு எரித்தே சுத்தம் செய்வதும் உண்டு. கம்பித் தட்டுக்கு அது நல்லது. பிசுக்கு உலர்ந்து பொடியாகிவிடும். ஆனால் அடியில் கொழுப்பு தேங்கிய ஸ்மோக்கரில் அப்படிச் செய்வது எண்ணெய்ச் சட்டிக்குத் தீ வைப்பதுபோல. எரிந்து முடிந்த பிறகும் சாம்பலைக் கையால்தான் அள்ள வேண்டும்.

கழுவாத பெருமைக்காரர்கள் எல்லாரும் விதிவிலக்கில்லாமல் கழுவுகிற ஒன்று உண்டு: கரிக்கும் இறைச்சிக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர்ச் சட்டி. கொழுப்பு மிதக்கும் அந்தத் தண்ணீரை நாலு நாள் விட்டால் பூசணம் பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்பார்.