குறி பார்த்தலும் இனங்காணலும்: ‘ஏ-10சி வார்த்தாக்’ விளையாட்டின் ஏவுகணைப் பயிற்சி குறித்து ஒரு நோக்கு

கணினி விளையாட்டைத் திறனாய்வுக்குரிய பனுவலாகக் கொள்வதில் நம்மிடையே இன்னும் தயக்கம் நிலவுகின்றது. ஆயினும், 600 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேட்டுடன் வரும் ஒரு விளையாட்டு, ஆடுவோரிடம் முதலில் வாசிப்பையே வேண்டி நிற்கின்றது. ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டி.சி.எஸ்.: ஏ-10சி வார்த்தாக்’ என்னும் போர்விமானப் பாவனை விளையாட்டு அத்தகையது. அமெரிக்க விமானத் தேசியக் காவற்படைக்கென அந்நிறுவனம் உருவாக்கிய பயிற்சி மென்பொருளின் வழிவந்தது இது. இதில் மேவரிக் என்னும் ஏவுகணையைக் குறிவைக்கக் கற்பிக்கும் பகுதியை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

இங்கு முதலில் கற்பிக்கப்படுவது பொறுமை. ஏவுகணையின் முனையிலுள்ள காட்சிக்கருவிக்கு மின்விசை கொடுத்த பின்னர், அதன் சுழல்காட்டி நிலைகொள்ள 3 நிமிடங்கள் ஆகும். இதனை மறந்தவர் இலக்கை நெருங்கிய பின்பும் வெறுந்திரையையே பார்த்திருக்க நேரும். அடுத்து, கைப்பிடியிலுள்ள பொத்தான்கள் எந்தத் திரைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். புதியவர்கள் பெரிதும் இடர்ப்படுவது இவ்விடத்திலேதான். ஏவுகணையின் பார்வையை நகர்த்துவதாக எண்ணிக்கொண்டு, இறக்கையின் கீழுள்ள கேமராவை நகர்த்திக்கொண்டிருப்பர். அதன் பின்னரே அகச்சிவப்புப் படத்தில் இலக்கைத் தேடும் பணி தொடங்குகின்றது. இயந்திரம் சூடேறிய டாங்கி, குளிர்ந்த நிலத்தின்மேல் தனித்துத் தெரியும். நிலமும் சூடேறியிருந்தால் வேறுபாடு மங்கிவிடும். குறுக்குக்கோடுகள் அப்புள்ளியைச் சூழ்ந்து அசையாமல் நின்றால் ‘பூட்டு’ விழுந்துவிட்டது எனலாம். விசையை அழுத்திய பின் விமானி திரும்பிச் சென்றுவிடலாம். ஏவுகணை தன் வழியைத் தானே காணும்.

ஒரே பொத்தானை அழுத்தினால் வானமே வெடிக்கும் பிற விளையாட்டுகளோடு ஒப்பிடுமிடத்து, இப்பயிற்சியின் நேர்மை பாராட்டுக்குரியது. இதில் தோல்விக்கு எப்போதும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தைக் கையேட்டில் தேடிக் காணவும் முடியும். கற்றலின்பம் என்று ஒன்று உண்டெனில், அது இங்கே ஐயமின்றிக் கிட்டுகின்றது.

ஆனால், அந்தப் புள்ளி யாருடையது? இவ்வினாவை விளையாட்டு மிக எளிதாகத் தாண்டிச் செல்கின்றது. பயிற்சியில் இலக்கு முன்னரே வரையறுக்கப்பட்டது. விரும்பினால், பகைவருக்குச் செந்நிறத்திலும் நட்புப் படையினருக்கு நீலநிறத்திலும் பெயர்கள் திரையில் மிதக்குமாறு செய்துகொள்ளலாம். தரையிலிருந்து இலக்கைச் சுட்டும் படைவீரரின் குரலும் இதில் உண்டு. மெய்யான போர்முறையில், அவர் கூறும் விவரங்களை விமானி திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவது உயிர்காக்கும் நடைமுறை. இங்கே அது பட்டியலில் ஒரு வரியைத் தெரிவு செய்வதோடு முடிந்துவிடுகின்றது. அக்குரல் தவறே செய்வதில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும்.

மெய்யுலகில் அது தவறியதுண்டு. 2003ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், ஈராக்கின் பஸ்ரா நகருக்கு அருகே, இதே வகையைச் சேர்ந்த இரு விமானங்கள் பிரிட்டிஷ் கவச வண்டிகளைத் தாக்கின. நட்புப் படையென அறிவிப்பதற்காக அவ்வண்டிகளின்மேல் விரிக்கப்பட்டிருந்த ஆரஞ்சு நிறப் பலகங்களை விமானிகள் கண்டனர், ஏவுகணைகளென்றே கொண்டனர். அப்பகுதியில் நட்புப் படை இல்லை என்றே தரையிலிருந்தும் கூறப்பட்டது. பிரிட்டிஷ் வீரர் ஒருவர் உயிரிழந்தார். விமானத்தில் பதிவான உரையாடல் 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்று பயன்பட்டது மேவரிக் அன்று, பீரங்கி. எனினும் குறி சற்றும் பிசகவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

இவ்வேறுபாடு தமிழ் வாசகருக்குப் புதிதன்று. யானை நீர் பருகும் ஒலியென எண்ணித் தசரதன் விடுத்த அம்பு, பார்வையற்ற பெற்றோருக்காக நீர் முகந்த இளைஞனின்மேல் தைத்தது. ஒலியைக் கொண்டே எய்யும் அவன் வித்தையில் குறையேதும் இல்லை. மேவரிக்கின் கண்ணுக்கு வெப்பம் எதுவோ, தசரதனின் காதுக்கு ஒலி அதுவே.

விளையாட்டிலிருந்து இவ்வளவு எதிர்பார்க்கலாமா என வினவுவோர் உளர். இதன் களம் கற்பனை நாடன்று. ஜார்ஜியாவும் அதனைச் சூழ்ந்த காக்கசஸ் நிலமும் ஆகும். 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நிலத்தில் மெய்யாகவே போர் நிகழ்ந்தது. இதே நிறுவனம், இதே நிலப்பரப்பில் அமைந்த ‘பிளாக் ஷார்க்’ என்னும் ஹெலிகாப்டர் விளையாட்டை வெளியிட்டதும் அவ்வாண்டே. சுழல்காட்டியின் 3 நிமிடங்களைக்கூட விட்டுவிடாத ஆக்கத்திடம் இதனைக் கேட்பது மிகையாகாது. இன்னொன்றும் உண்டு: எப்-6 விசையை அழுத்தினால், ஏவுகணையின் பின்னாலேயே சென்று அது மோதும் கணத்தை அருகிருந்து காணலாம். திரும்பிச் சென்றுவிட்ட மெய்யான விமானிக்கு வாய்க்காத காட்சி அது. மோதிய பின் காணும் வசதிக்கு ஒதுக்கிய உழைப்பில் ஒரு பங்கை, பூட்டு விழுந்த பின்னும் விசையை அழுத்தாது திரும்புவதே சரியான விடையாக அமையும் ஒரு பாடத்துக்கு ஒதுக்கியிருக்கலாம்.