டேம்நேஷன்: கோமுகிக் கரையிலிருந்து ஒரு மறுபார்வை

'டேம்நேஷன்' (2014) படத்தை முதல்முறை பார்த்தப்போ எழுந்து நின்னு கைதட்டாத குறைதான். பென் நைட், டிராவிஸ் ரம்மல் இருவரும் இயக்கிய ஆவணப்படம். அமெரிக்காவில் பழைய அணைகளை உடைக்கிறார்கள். கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே எதிர்நீச்சல் போட்டு வரும் சால்மன் மீனுக்கு வழி திறக்கிறது. தயாரித்தது பாட்டகோனியா என்ற துணி நிறுவனம். அணைகளுக்கு எதிரான படம் என்பதை ஒளித்து வைக்கவும் இல்லை.

இரண்டாம் முறை பார்த்தது கள்ளக்குறிச்சியில், கோமுகி அணையில் பாசனத்துக்குத் தண்ணி திறந்த வாரம். 46 அடி அணை. கல்வராயன் மலையில் பெய்யும் மழை இங்கே தேங்கி, சுமார் பத்தாயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. அதில் எங்க மாமா வயலும் ஒண்ணு. இந்தத் தடவை கைதட்ட வரல.

படத்தின் பலவீனம் அங்கேதான். எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை உடைத்த இரண்டு அணைகளும் மின்சாரத்துக்குக் கட்டியவை. கடைசிக் காலத்தில் அந்த மின்சாரம் ஒரு காகித ஆலைக்குத்தான் போனது. அவற்றில் பெரியது 210 அடி. நம்ம மேட்டூர் 214 அடி. உயரம் ஏறக்குறைய ஒண்ணு, ஆனா மேட்டூரை நம்பி டெல்டாவில் 16 லட்சம் ஏக்கர் இருக்கு. இப்படிப்பட்ட அணையை என்ன செய்வது? அணை வேண்டும் என்பவர்களுக்குப் படம் கொடுக்கும் நேரமே கம்மி.

அதுக்காக நம்ம கணக்கில் இழப்பு இல்லை என்று அர்த்தமில்லை. காவிரிக்கும் ஒரு சால்மன் இருந்தது: உல்லம். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன், கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும். 1934-இல் மேட்டூர் கட்டி முடிந்தது. அதுக்கு மேலே உல்லம் போகும் வழி அடைபட்டது. கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை அதையே செய்தது. சால்மனுக்குக் கட்டுகிற மீன் ஏணியை அப்படியே கொண்டுவந்து வைக்கவும் முடியாது. சால்மன் துள்ளி ஏறும், உல்லம் துள்ளாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேற. 1992-இல் ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு, எட்டு அணைகளைத் தாண்டி, ஒரே ஒரு சாக்கை சால்மன் வந்து சேர்ந்தது. 'லோன்சம் லாரி' என்று பேர் வைத்தார்கள். ஒண்ணுதான் வந்தது என்று எப்படித் தெரியும்? எண்ணினார்கள். அங்கே அணைகளின் மீன் ஏணிகளில் கண்ணாடி ஜன்னல் வைத்து, ஆள் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்.

கோமுகித் தண்ணீர் மணிமுக்தாவில் சேர்ந்து, வெள்ளாறாகப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. விலாங்கு சால்மனுக்கு நேர் எதிர்: கடலில் பிறந்து, குஞ்சாக ஆறேறி வளரும். ஈரமான சரிவு கிடைத்தால் குஞ்சுகள் ஊர்ந்தே ஏறிவிடும். அணையை உடைக்க வேண்டாம். ஆனா அணைக்கு மேலே விலாங்கு பார்த்த பெரியவர்களைக் கேட்டு, இப்போது வலையில் என்ன விழுகிறது என்று முதலில் ஒரு நோட்டில் எழுதணும். மாமா வயலுக்கும் அதனால் ஒரு சொட்டுத் தண்ணி குறையாது.