பொற்கை யாருடையது?

ஓட்டோ ப்ரெமிங்கரின் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' (1955) சினிமா வரலாற்றில் இடம்பிடித்தது ஒரு மறுப்பினால். போதைமருந்துப் பழக்கத்தைத் திரையில் காட்டக்கூடாது என்றது ஹாலிவுட்டின் தயாரிப்பு நெறிமுறை. படத்துக்கு அனுமதி முத்திரை கிடைக்கவில்லை. வினியோகித்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் சங்கத்தை விட்டே வெளியேறி, முத்திரையில்லாமல் படத்தை வெளியிட்டது. 1956 டிசம்பரில் நெறிமுறையே திருத்தப்பட்டது. தணிக்கை தோற்றது, கலை ஜெயித்தது என்று கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். நமக்குச் சந்தேகம் வருவதும் இங்கேதான். அதே 1956 ஜூலையில் அமெரிக்க அரசு போதைமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் தடவை விற்றுப் பிடிபட்டவனுக்கே குறைந்தது 5 ஆண்டு சிறை. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு ஹெராயின் விற்றால், ஜூரி விரும்பினால் மரண தண்டனை. அடிமைப்பட்டவனைத் திரையில் பார்க்கலாம் என்ற அனுமதியும் தெருவில் அவனை நெருக்குகிற சட்டமும் ஒரே ஆண்டில் வருகின்றன. இது வெறும் முரண்தானா? படத்துக்குள் போய்ப் பார்ப்போம்.

சும்மா சொல்லக்கூடாது, படம் ஒன்றை மிகச் சரியாகப் பிடித்திருக்கிறது: கை. சால் பாஸ் வடிவமைத்த தலைப்புக் காட்சியிலேயே வெள்ளைக் கோடுகள் நகர்ந்து நகர்ந்து கடைசியில் முறுக்கிக்கொண்ட ஒரு கையாகின்றன. ஃப்ராங்கி மெஷின் (ஃப்ராங்க் சினாட்ரா) சிகாகோவில் சட்டவிரோதச் சூதாட்டத்தில் சீட்டுப் போடுகிறவன். அவன் பெயரே 'எந்திரம்'. அந்தக் கை ராத்திரி முழுக்க ஸ்விஃப்கா என்கிற சூதாட்டக்காரனுக்கு உழைக்கிறது. அதே கையில் லூயி ஊசி போட்டுக் காசு வாங்குகிறான். ஒருவன் உழைப்பை உறிஞ்சுகிறான், இன்னொருவன் கூலியை உறிஞ்சுகிறான். அந்தக் கை ஃப்ராங்கிக்கே சொந்தமாக ஒரே ஒரு வழிதான் இருக்கு: ட்ரம்ஸ். வாசித்துக் காட்டப்போன இடத்தில் குச்சி பிடிக்க முடியாமல் கை நடுங்கும்போது நாம் பார்ப்பது ஒரு கெட்ட பழக்கத்தின் விளைவை மட்டுமல்ல, பலபேர் பங்குபோட்டுத் தின்ற ஓர் உழைப்பாளி உடம்பையும்தான். எல்மர் பெர்ன்ஸ்டீனின் ஜாஸ் இசை இதை எந்த வசனத்தையும்விட நன்றாகச் சொல்கிறது.

ஆனால் படம் தன் கண்டுபிடிப்பைத் தானே கைவிடுகிறது. நெல்சன் ஆல்கிரனின் நாவலில் (1949) ஃப்ராங்கி இரண்டாம் உலகப்போரில் குண்டுச்சில் பாய்ந்தவன். காயத்துக்காகக் கொடுக்கப்பட்ட மார்ஃபின்தான் அவனைப் பிடித்துக்கொண்டது. அதாவது முதல் ஊசிக்குப் பின்னால் அரசின் போர் இருக்கிறது. படத்தில் போர் காணாமல்போகிறது. ஊசிக்குப் பின்னால் லூயி என்ற தனிமனிதன் மட்டும் மிஞ்சுகிறான், நல்ல சட்டை போட்ட வில்லனாக. மருந்தின் பெயர்கூடப் படத்தில் சொல்லப்படுவதில்லை. முத்திரை கேட்ட தணிக்கையைப் படம் மீறியது வாஸ்தவம்தான். ஆனால் இதைவிட ஆழமான தணிக்கையை, கேட்பாரில்லாமலே, அதுவே செய்துகொண்டது.

அடுத்த மாற்றம் இன்னும் மோசம். நாவலில் லூயியைக் கொல்கிறவன் ஃப்ராங்கி. படத்தில் அந்தக் கொலை அவன் மனைவி ஸோஷின் தலையில் ஏற்றப்படுகிறது. நாவலின் ஸோஷ் நடக்க முடியாமல் கிடப்பவள். நோய் மனதில் என்றாலும் அவளுக்கு அது நிஜம். படத்தின் ஸோஷ் நடிக்கிறாள். யாருமில்லாதபோது சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கிறாள், பார்த்துவிட்ட லூயியை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடுகிறாள், கடைசியில் தானும் குதித்துச் சாகிறாள். ஃப்ராங்கியைச் சுத்தமாக்க ஓர் அழுக்குமூட்டை தேவைப்பட்டது. போக்கிடமில்லாத ஒரு பெண்ணின் உடம்பு அதற்குக் கிடைத்தது. இன்னொரு பக்கம் மோலி (கிம் நோவாக்) காத்து, பூட்டி, போர்த்தி, குணப்படுத்துகிறாள். பேய், தேவதை என்ற அரதப்பழைய ஜோடிதான். நடுவில் ஆண் தப்பித்துக்கொள்கிறான்.

பூட்டிய அறைக் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். சினாட்ரா தரையில் புரண்டு, குளிரில் வெடவெடத்துக் கெஞ்சுவது இன்றைக்கும் உலுக்குகிறது. ஆனால் அந்த அறை சொல்கிற கருத்து என்ன? சில நாள் வேதனை, கொஞ்சம் மனவுறுதி, ஒரு நல்ல பெண், முடிஞ்சுது வியாதி. படத்தின் தொடக்கத்தில் ஃப்ராங்கி திரும்பி வருவது கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனிலிருந்து. 1935இல் திறக்கப்பட்ட அந்த அரசு நிறுவனம் பாதி மருத்துவமனை, பாதி சிறை. அங்கிருந்து நியூயார்க்குக்குத் திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்து 1962இல் வெளிவந்த ஆய்வு, 10 பேரில் 9 பேருக்கும் மேல் மறுபடி பழக்கத்தில் விழுந்ததைப் பதிவு செய்தது. அவர்களுக்கெல்லாம் மனவுறுதி இல்லை என்பதா? திரும்பிப்போன தெரு அதே தெரு. வேலை அதே வேலை. படத்தின் முதல் பாதிக்கு இது தெரிந்திருக்கிறது: ஊருக்குள் கால்வைத்ததுமே ஸ்விஃப்காவும் லூயியும் காத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதி தெரிந்ததை மறந்துவிடுகிறது.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். குற்றம் விற்கிறவனுடையது, மீட்சி தனிமனித உறுதியில் இருக்கிறது என்பதுதான் 1956 சட்டத்தின் தர்க்கம். படத்தின் பிற்பாதியின் தர்க்கமும் அதுவே. ஒன்று தண்டிக்கிறது, மற்றது இரங்குகிறது. இரண்டுமே போரையும் கூலியையும் கேள்வி கேட்பதில்லை. நாவலின் ஃப்ராங்கி தூக்குப்போட்டுச் சாகிறான். படத்தின் ஃப்ராங்கி மோலியோடு நடந்து போகிறான். சாவுதான் முற்போக்கான முடிவு என்று நான் வாதிடவில்லை. பிழைத்துக்கொள்கிறவன் எங்கே போகிறான், நாளைக்கு அந்தக் கைக்கு யார் வேலை தருவார்கள் என்பதைக் காட்டாத பிழைப்பைத்தான் சந்தேகிக்கிறேன். போதையைப் பற்றி எழுதுகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் இந்தப் படத்திடமிருந்து நடுங்கும் கையை எடுத்துக்கொள்ளலாம். பூட்டிய அறையை அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது.